ரெக்சினில் விழுந்த நகத்தடம்

போன மாதம் என் வேலைச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி, பதுளையிலுள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டேப்ளர், கத்தரிக்கோல்கள், கிளிப் நெம்பும் தட்டை இரும்பு, பசை தீட்டும் தூரிகைகள், ஒரு பழைய ஹெயார் டிரையர். கார்க் கதவின் உட்பக்கப் பலகையைக் கழற்றி, பழைய ரெக்சினை உரித்துவிட்டுப் புதிது போடுவதுதான் என் தொழில். எங்கள் பக்கத்தில் குஷன் வேலை என்பார்கள். சளி சளி என்று நான் பல வருடம் நினைத்திருந்தது, பசையின் ஆவி நெஞ்சுக்குள் செய்த வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிப் பசை டப்பாவைத் திறக்கவே கூடாதாம். ஆகவே எனக்கு ஓய்வு. வயது முப்பத்து மூன்று.

குஷன் வேலை படிக்கும் பெண்கள் சாக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

"இது எதுக்கு அக்கா? வேலை முடிஞ்சு தல காய வைக்கவா?" என்று டிரையரைத் தூக்கிக் காட்டினாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெக்சின்ல நகம் அழுந்தித் தடம் விழுந்துருச்சுன்னா எடுக்கிறதுக்கு."

"எப்படி எடுக்கிறது?"

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. மூச்சு முட்டுகிறது என்று நினைத்து அவர்களுடைய பயிற்சியாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூச்சு அன்று நன்றாகத்தான் இருந்தது. "பேச முடியலன்னா எழுதிக் குடுங்க, நீங்கதான் படிச்சவங்களாச்சே" என்றார். படித்தவள்தான். அதனால் எழுதுகிறேன்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள். அம்மாவும் அப்பாவும் சம்பளம் வாங்கப் பெருவிரல் உருட்டியவர்கள். நான் உயர்தரம் பாஸ் பண்ணிய செய்தி வந்த அன்று அப்பா லயத்தின் ஒவ்வொரு காம்பராவுக்கும், ஒரு வீடு விடாமல், தானே போய்ச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கடைகளில் ரசீது எழுதும் வேலைக்குப் போனேன். ரசீது எழுதும் வேலையோடு தேத்தண்ணீர் ஊற்றும் வேலையும் என் தலையில் விழும் என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். கர்வம் பிடித்தவள் என்றார்கள். ஆமாம், கர்வம்தான். அதை நான் மறைத்ததில்லை.

பதுளையில் பரீனா ராத்தாவின் குஷன் கடையில் மெஷினில் தைக்கப் பெண் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், அம்மாவை உம்மா என்பார்கள்; 'இருந்தாங்க' என்பது அவர்கள் பேச்சில் 'ஈந்தாங்க' ஆகும். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்குமே அவர் ராத்தாதான். கணவர் இறந்த பிறகு கடையை மூடச் சொன்ன சொந்தக்காரர்களிடம், மூடினால் மெஷினை உங்கள் வீட்டில் போட்டு ஓட்டட்டுமா என்று கேட்டவர். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "படிச்ச புள்ளையா? கை அழுக்காகினா அழுவீங்களா?" என்பதுதான்.

தையல் பழகியது, ஸ்பொஞ்ச் வெட்டப் பழகியது, ஸ்டேப்ளரில் விரலைக் கொடுத்தது, இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது. அதை விடுகிறேன். ராத்தா வேலையைப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முடிந்த பலகையை மேசையில் வைத்தால் அவர் கண்ணால் பார்க்கவே மாட்டார். வாசலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமாவது பேசிக்கொண்டே, வலது கட்டைவிரல் நகத்தைப் பலகையின் விளிம்பில் ஓடவிடுவார். எங்கேயாவது நகம் இடறினால் பேச்சு நிற்காது. கை மட்டும் பலகையை என் பக்கம் தள்ளிவிடும். மறுபடி உரித்துச் செய்ய வேண்டும். இடறாமல் ஒரு சுற்று முடிந்தால் பலகை மறுபக்கம் போகும். 'நல்லது' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பலகை என் பக்கம் வராமல் போன முதல் நாள் நான் பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வேலை இப்படி. முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கைதாங்கி, பூட்டுக் குமிழ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிறகு தட்டை இரும்பைப் பலகைக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவே விட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிகக் கிட்டப் போய் நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் பலகையின் ஹாட்போர்ட் அட்டை பிய்ந்துவிடும். உள்ளே தகரத்தில் ஒட்டியிருக்கும் பொலித்தீனைக் கிழிக்கக் கூடாது. மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும், அதைப் பலகைக்கு வரவிடாமல் தடுப்பது அந்தப் பொலித்தீன்தான். பழைய ரெக்சினை உரித்து, அதையே அச்சாக வைத்துப் புதிதை இரண்டு விரல் கூட விட்டு வெட்ட வேண்டும். பசையைப் பலகையிலும் பூச வேண்டும், ரெக்சினிலும் பூச வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது.

அப்புத்தளையில் ஒரு வியாபாரியின் வீட்டுக்கு ராத்தா என்னைத் தனியாக அனுப்பினார். காரைக் கடைக்குக் கொண்டுவர அவருக்கு நேரமில்லை; வீட்டு முற்றத்திலேயே செய்ய வேண்டும். நான் இறங்கியதும் அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"கடையில இருக்காங்க. டீ ஊத்துறாங்க" என்றேன்.

அந்தப் பதிலுக்கு என்னை நானே மெச்சிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். பசை பூசிக் காய விட்டபோது மத்தியானப் பனி ஏறி வந்துவிட்டது. அங்கே அது வழக்கம். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு ஒரு மூச்சில் காணாமல் போகும். தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை, பதம் வந்துவிட்டது என்று நினைத்து ஒட்டி முடித்தேன். ராத்தா மாலை பஸ்ஸில் வந்தார். ஒரு மூலையை நகத்தால் தூக்கினார். முழு ரெக்சினும் வாழையிலை மாதிரி கழன்று அவர் கையோடு வந்தது. பசைமேல் மாவு பூசினது போல வெள்ளையாக ஒரு படலம்.

"பனிய ஒட்டி ஈக்கிறீங்க மகள்" என்றார். "காருக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி."

பசை காயும்போது குளிரும். குளிர்ந்த பசையில் பனி நீராகப் படியும். அதுதான் அந்த வெள்ளை. அன்று முதல் பனி இறங்கினால் பசை டப்பாவை மூடிவிடுவேன். பிள்ளைகளே, நீங்களும் மூடிவிடுங்கள். பண்டாரவளையில் தொழில் படித்துவிட்டு வரும் எந்த அண்ணன் 'பனிக்கு ஒன்றும் ஆகாது' என்று சொன்னாலும் சரி.

அப்பா காலில் அடிபட்டு வீட்டோடு படுத்ததும் என்னால் தினமும் பதுளைக்குப் போய் வர முடியவில்லை. ராத்தா கார் சீட் வேலையைக் கடையில் வைத்துக்கொண்டு, கதவுப் பலகைகளை மட்டும் எனக்கு அனுப்ப ஆரம்பித்தார். எங்கள் காம்பராவின் முன்பக்கத்து இஸ்தோப்பு, அந்தத் திறந்த திண்ணை, என் வேலைத்தலம் ஆனது. லயம்வரை கார் ஏறாது. பாதையில் காரை நிறுத்தி, அங்கேயே பலகைகளைக் கழற்றி, தலையில் வைத்து மேலே கொண்டுவருவோம். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் 'இடது முன்', 'வலது பின்' என்று பென்சிலால் எழுதி, கீழே கோமு என்று என் பெயரையும் எழுதுவேன். கதவைப் பிரிக்கிறவன் மட்டுமே பார்க்கப்போகிற பெயர். இருந்தாலும் எழுதுவேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தானே.

பலகை சுமக்க வருகிறவள் பெரும்பாலும் விஜி. இரண்டு காம்பரா தள்ளி இருந்தாள். என்னோடு ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். அதன் பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கணவன் முருகேசு கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மலையில் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து என் இஸ்தோப்பில் உட்கார்ந்து பழைய ஸ்டேப்பிள் முட்களைப் பிடுங்கித் தருவாள். எனக்குக் குறடு வேண்டும். அவளுக்கு நகம் போதும். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கட்டைவிரல் நகம் தடித்து, ஓரம் கறுத்து, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து வளர்ந்திருக்கும்.

"டீச்சர்! கார்ல ஏறுறவன் எவனாவது கதவ தடவிப் பாத்து ஆஹான்னு சொல்றானா? எதுக்கு இந்தப் பாடு?"

"நீ கிள்ளுற கொழுந்த குடிக்கிறவன் சொல்றானா?"

"அது வயித்துக்குள்ள போவுது. இது வெளியவே கெடக்கே, அதுக்கே சொல்ல மாட்டேங்கிறானே!"

நான் டீச்சர் ஆகவில்லை என்று வெளியாட்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் டீச்சர் என்று கூப்பிட்டால் வராது.

ஒரு நாள் காலை மலையில் குளவி கலைந்தது. கொட்டு வாங்கியவர்கள் பலர். மற்றவர்கள் வீக்கத்தோடு தப்பினார்கள். விஜிக்குத் தொண்டை அடைத்தது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஹாலிஎல ஸ்டாண்டில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கார் ஓட்டும் செல்வராஜ் அண்ணன் யாரையோ இறக்கிவிடக் காரோடு கீழே வந்திருந்தார். விஜியைத் தூக்கிவந்து பின் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். அவள் அம்மா பாக்கியம் பெரியம்மா பக்கத்தில் ஏறினார். நான் அப்போது பதுளையில் ரெக்சின் வாங்கிக்கொண்டிருந்தேன். ஹாலிஎலவைத் தாண்டி, பதுளை டவுன் வருவதற்குள் விஜி போய்விட்டாள்.

எங்கள் பக்கத்து ஸ்டாண்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓடும்போது உள்ளே உயிர் போன கார், சட்டை மாற்றாமல் வரிசையில் நிற்க முடியாது. சட்டை என்றால் உள் ரெக்சின் முழுவதும்: சீட், கதவு, எல்லாம். பழையதைத் தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து எரித்துவிட வேண்டும். அதைச் செய்யும்வரை யாரும் அந்தக் காரில் ஏற மாட்டார்கள், கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்கும் கூப்பிட மாட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு செல்வராஜ் அண்ணன் பலகைகளை அவரே சுமந்து மேலே வந்தார். இஸ்தோப்பில் இறக்கிவிட்டு, உட்காராமல் நின்றார்.

"நான் கேக்கல தங்கச்சி. எனக்கு அந்தச் சட்டையோட ஓட்டுறதுக்கு ஒன்னுமில்ல. ஸ்டாண்டு கேக்குது."

"வைங்க அண்ணே."

"இன்னும் கொஞ்சம் மிதிச்சிருக்கலாம். அந்த வளைவுல பஸ்சுக்கு வழி விட்டேன் பாரு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் இறங்கிப் போனார்.

இடது பின் கதவின் பலகையைத் திருப்பியதும் கைதாங்கியில் அதைப் பார்த்தேன். பலகையோடு சேர்த்து ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்த, தனியாகக் கழலாத கைதாங்கி. மேலே நான்கு பிறைகள், வரிசையாக, ஆழமாக. கீழ்ப்பக்கம் ஒன்று, கட்டைவிரல். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த பிறை. ரெக்சினை அறுத்துக்கொண்டு ஸ்பொஞ்சுக்குள் இறங்கியிருந்தது. ஒரே ஒரு தரம் பிடித்த பிடி அல்ல. முதலில் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்திருக்கிறாள். பிறைகளுக்குப் பக்கத்திலேயே இன்னும் மெல்லிய பிறைகள் இருந்தன.

தூங்கின மாதிரி போய்விட்டாள் என்று லயம் முழுவதும் ஒரே வார்த்தையாகச் சொன்னோம். கொழும்பிலிருந்து வந்திறங்கிய முருகேசுவிடம் பாக்கியம் பெரியம்மா முதலில் சொன்னதும் அதுதான். மருமகனே, தோளில் சாய்ந்தாள், தூங்கினாள், அவ்வளவுதான் என்று. அவனும் வேறு கேட்கவில்லை. நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன்.

மற்ற மூன்று பலகைகளையும் முடித்தேன். அதைத் தொடவில்லை. நான்காம் பலகையைச் சுவரில் முகம் திருப்பிச் சாத்தி வைத்தேன்.

ஒரு மத்தியானம் பாக்கியம் பெரியம்மா வந்தார். மலைக்குப் போகாமல், குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு.

"கோமு, மருமகன் நாளைக்குக் காலையில ஒங்கிட்ட வாரானாம். செல்வராசுகிட்ட சொல்லிட்டானாம், பழைய சட்டைய நான்தான் எரிப்பேன்னு. அவ சாஞ்சிருந்த எடத்த ஒரு தடவ பாக்கணுமாம்."

பெரியம்மா சுவரில் சாத்தியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதானே?"

எடுத்து மடியில் வைத்தேன். பெரியம்மா கீழே உட்கார்ந்தார். கண்ணால் தேடவில்லை. அவருக்கு இடம் தெரியும். தன் நான்கு விரல்களையும் நான்கு பிறைகளின் மேல் வைத்து, கட்டைவிரலைக் கீழே கொண்டுபோனார். பொருந்தியது. அவர் கையும் கொழுந்து கிள்ளிய கைதான்.

"இந்தக் கை என் கையில இருந்துச்சு" என்றார். "மூச்சு வரலன்னதும் என் கைய விட்டுட்டு இத புடிச்சா. எனக்கு வலிக்கும்னு விட்டாளோ என்னமோ. மாமா மாமான்னு அவனத்தான் கூப்புட்டா. சத்தம் வரல, வாய் அசைஞ்சுச்சு."

விரல்களை எடுக்காமலே, "நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு தெரியும்தானே ஒனக்கு. இத பாத்தா அவன் கொழும்புக்கும் போவ மாட்டான், வீட்டுலயும் இருக்க மாட்டான். அந்தப் புள்ளைக்கு அவன் ஒருத்தன்தான். எடுத்துரு."

"பெரியம்மா, இத எடுத்தா திரும்ப வராது."

"எனக்குத் தெரியாதா? எடுத்துரு."

எப்படி எடுப்பது என்று கேட்டீர்களே, இப்படித்தான். டிரையரைக் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, ரெக்சின் மினுங்கிப்போகும்; சின்ன வட்டமாகக் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றக் கையின் உள்ளங்கையை அடிக்கடி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை தாங்கும் சூடு போதும். ரெக்சின் இளகும். அடியிலிருக்கும் ஸ்பொஞ்ச் தன் பழைய இடத்துக்கு வர மெதுவாக மேலே தள்ளும். மெல்லிய தடங்கள் முதலில் போகும். ஆழமானவை ஓரத்திலிருந்து நிரம்பி வரும். அவசரப்பட்டு விரலால் தேய்க்கக் கூடாது. எழும்பியதும் ஈரத்துணியை வைத்து அழுத்தி, ஆறும்வரை எடுக்கக் கூடாது.

பெரியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் போனது. மோதிரவிரல் போனது. நடுவிரல் போகும்போது கையை நீட்டினார். நிறுத்தச் சொல்கிறாரென்று டிரையரைத் தூக்கினேன். சூடு எவ்வளவு என்று பார்த்தாராம். "செய்யி" என்றார்.

கட்டைவிரல் தடம் மட்டும் நின்றது.

"அது?"

"கிழிஞ்சிருச்சு பெரியம்மா. சூட்டுக்குப் போகாது."

"கேட்டான்னா?"

"கண்ணாடி ஏத்துற கைப்பிடி ஒரசினதுன்னு சொல்றேன்."

"ஒரசுமா?"

"ஒரசும்."

அவர் எழுந்து முந்தானையால் கைதாங்கியைத் துடைத்துவிட்டுப் போனார்.

முருகேசு காலையில் வந்தான். என் வயதுதான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கொழும்புக் காற்றில் கொஞ்சம் வெளுத்திருந்தான். பலகையை இஸ்தோப்பில் வெளிச்சத்தில் வைத்திருந்தேன். அவன் அதன் முன்னால் குந்தி, தோள் சாயும் இடத்தைத் தடவினான். பிறகு கை இறங்கி கைதாங்கிக்கு வந்தது. முன்னும் பின்னும் ஒரு தரம் தடவினான். கீழ்ப்பக்கம் போனபோது விரல் நின்றது.

"இது என்னாங்க அக்கா?"

"கைப்பிடி ஒரசினது. பழைய கார்தானே."

விரலை அங்கேயே வைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் முடிந்திருக்காது.

"தூங்கின மாதிரின்னு அத்த சொன்னாங்க" என்றான். "எல்லாரும் சேந்து எனக்காகச் சொல்றாங்களோன்னு நெனச்சேன். நானும் குளவி கொட்டு வாங்கினவன் அக்கா, எனக்குத் தெரியும் அது எப்படின்னு. ஆனா இதுல ஒன்னுமே இல்லையே. கஷ்டப்பட்டிருந்தா எதையாவது புடிச்சிருப்பாதானே?"

"ஆமா."

"அப்போ தூங்கித்தான் போயிருக்கா."

நான் அவன் எதிரில்தான் ரெக்சினை உரித்தேன். முன்பே உரித்திருந்த மற்றதோடு சேர்த்து மடித்துக் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான், பிள்ளையை வாங்குவது போல. லயத்துக்குக் கீழே ஓடைக்குப் பக்கத்திலிருந்து கறுப்புப் புகை எழும்பியதை இஸ்தோப்பிலிருந்தே பார்த்தேன். ரெக்சின் எரியும்போது வரும் நாற்றம் தலைமுடியில்கூட ஏறும். அன்று அது லயம் முழுக்க இருந்தது. அடுத்த கிழமை அவன் கொழும்புக்குப் போனான். இன்றும் மாதா மாதம் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

அந்தப் பலகைக்குப் புது ரெக்சின் போட்டேன். வெயில் நன்றாக இருந்த நாள். பசை சரியான பதத்தில் காய்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமானது அதுதான். பலகையின் முதுகில் 'இடது பின்' என்று எழுதினேன். பெயரை எழுதவில்லை.

பலகைகளைக் கடைக்குக் கொண்டுபோனபோது ராத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மூன்று பலகைகளின் விளிம்பிலும் வழக்கம்போல நகத்தை ஓட்டினார். நான்காவதை எடுத்து, நகத்தை வைக்காமல், உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிவிட்டு மறுபக்கம் வைத்தார். "உம்மாக்காரி பாத்துட்டுத்தானே ஈந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

முருகேசுவுக்கு அன்று நான் நல்லது செய்தேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: விஜி கடைசியாகத் தன் கையால் செய்த ஒன்று உலகத்தில் இருந்தது. அது சொன்னது பெரியம்மா, நான், ராத்தா என்று எங்கள் மூன்று பேருக்குத்தான் கேட்டது. அதை நான் ஒரு சாண் தள்ளி நின்று, சின்னச் சின்ன வட்டமாக, இல்லாமல் செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை செய்தேன். இருமல் வந்தது, போனது, பிறகு போகவில்லை. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். இஸ்தோப்பு திறந்த இடம்தானே, காற்று போகிறதே என்று நினைத்தேன். மழைக்காலத்தில் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டு அதற்குள் பசை பூசுவேன். ஆவி எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. நீங்கள் யோசியுங்கள். முகமூடி கேளுங்கள், கொடுக்காவிட்டால் வேலையைக் கீழே வையுங்கள்.

இந்த வருடம் மழைக்காலம் முடியும் முன் ஒரு மாலை, படுதாவுக்குள் இருந்தபோதே மூச்சு நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்; இழுத்தால் உள்ளே போகவில்லை. யாரோ தூக்கினார்கள். கீழே செல்வராஜ் அண்ணனின் கார். பின் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஏறியது பாக்கியம் பெரியம்மா.

"கோமு, என்ன பாரு. என்ன மட்டும் பாரு. செல்வராசு, மிதிப்பா!"

அவர் என் வலது கையைப் பிடித்திருந்தார். இடது கை என்ன செய்தது என்று எனக்கு ஞாபகமில்லை. வளைவுகள் ஞாபகம் இருக்கின்றன. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அண்ணன் வழி விடவில்லை, ஹோர்னில் கையை வைத்தபடி போனார். பஸ்காரன் சிங்களத்தில் திட்டியதும் ஞாபகம் இருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை வைத்த பிறகுதான் பெரியம்மா என் கையை விட்டார்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் அதே காரில்தான் திரும்பினோம். வெயில் இருந்தது. நான் அதே பக்கம் உட்கார்ந்தேன். கை தானாகக் கைதாங்கிக்குப் போனது. இடறியது. குனிந்து பார்த்தேன். மேலே நான்கு பிறைகள். கீழே ஒன்று. என் நகம் சாய்வாக வளராது, நேரான பிறை.

செல்வராஜ் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"பாத்துட்டியா? ஸ்டாண்டுல காட்டினேன். 'இதுக்குச் சட்டை மாத்தணுமா'ன்னு கேட்டானுங்க. 'உசுரோட திரும்பி வாரவளுக்கு எதுக்குடா சட்டை மாத்தணும்'னு சொல்லிட்டேன்." பிறகு, "ஒன் வேலையில ஒரு கீறல் இருந்தாலும் ஒனக்குப் பொறுக்காதே தங்கச்சி. டிரையர எடுத்துக்கிட்டு வா, ஒரு நிமிசத்துல எடுத்துருவ."

உண்மைதான். எனக்குப் பொறுக்காது. டிரையர் வீட்டில்தான் இருந்தது. அதற்குப் பசை வேண்டாம், நெஞ்சுக்குக் கெடுதல் இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பாக்கியம் பெரியம்மா என்னைத் தாண்டிக் குனிந்து, அன்று போலவே நான்கு விரல்களையும் மேலே வைத்து, கட்டைவிரலைக் கீழே கொண்டுபோனார். ஹாலிஎல வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

"இத எடுத்துராத" என்றார்.